கித்தான் துணி: வாங்குவது, தைப்பது, காப்பது – முழுமையான வழிகாட்டி

கடையில் விரலால் தடவிப் பார்த்துக் கித்தான், அதாவது கேன்வாஸ் துணி, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கஞ்சியைத்தான் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். துணி விறைப்பாக நிற்கிறது, மடித்தால் முறுமுறுக்கிறது, ‘நல்ல கனம்’ என்று மனம் நிறைகிறது. ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுத்ததும் அந்த விறைப்பு வாளித் தண்ணீரோடு போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது ஜன்னல் திரைக்குக்கூடப் போதாத சோனித் துணி. ஆகவே பை தைத்தாலும், சாய்வு நாற்காலிக்குத் துணி மாற்றினாலும், ஓவியத்துக்குச் சட்டம் கட்டினாலும், கித்தானை எடையாலும் நெசவாலும் அளந்து வாங்க வேண்டும். கைக்குத் தெரிவது பாதிதான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பை நல்ல பொருள், ஆனால் மெல்லிய துணி. மதுரை பரவை சந்தையில் 5 கிலோ வெங்காயமும் இரண்டு தேங்காயும் வாங்கி அதில் போட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்பிப் பாருங்கள். பிடி விரலை அறுக்கும், தையல் வாய் பிளக்கும். துணிக்கடைகளில் தரும் கட்டைப்பைகளில் பல, பார்வைக்குத் துணி போலிருந்தாலும், நெய்யப்படாத பிளாஸ்டிக் இழையால் ஆனவை. வெயிலில் சில காலம் கிடந்தால் பொடியாக உதிரும். சுமை தூக்கவும் வேண்டும், வருடக்கணக்கில் உழைக்கவும் வேண்டும் என்றால் கித்தானுக்குத்தான் வர வேண்டும்.

எது கித்தான், எது கித்தான் அல்ல

கித்தானின் நெசவில் இரகசியம் ஏதுமில்லை. நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளில் ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று குறுக்கே ஊடை இழை ஓடும் சாதா நெசவு. வேட்டிக்கும் இதே நெசவுதான். வித்தியாசம் இழையின் தடிமனிலும், முறுக்கிலும், நெருக்கத்திலும் இருக்கிறது. ஹார்வி மில், மீனாட்சி மில் என்று பஞ்சாலைகளைச் சுற்றி வளர்ந்த மதுரையில் நூல் நம்பரைப் பற்றி விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் 10 சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருந்தால் அது 10-ஆம் நம்பர் நூல். 40 சிட்டம் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு வரும் என்றால் 40-ஆம் நம்பர். ஆக, நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும். சட்டைத் துணிக்கு 40, 60 என்று போகும் நம்பர், கித்தானுக்கு 10, 20 என்ற அளவில் நிற்கும். நல்ல கித்தானில் ஒற்றை இழைக்குப் பதிலாக இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல் இருக்கும். பாவு, ஊடை இரண்டிலும் முறுக்கு நூல் போட்டு நெருக்கி நெய்த உயர்ந்த இரகத்தை வியாபாரத்தில் ‘டக்’ என்கிறார்கள்.

விளக்குத்தூண் பக்கம் கடை ஏறி இறங்கிக் கேன்வாஸ் வேண்டும் என்று கேட்டால், வேறு சில துணிகளும் மேசைக்கு வரும். கேஸ்மென்ட் என்பது அதே சாதா நெசவில் இலேசான துணி. படுக்கை விரிப்புக்கும் திரைக்கும் அருமை, சுமைக்கு ஆகாது. மேட்டி என்பது இரண்டிரண்டு இழைகளாகச் சேர்த்து நெய்தது; பார்க்கத் தடிமன், ஆனால் இழைகள் நகரும், ஊசி ஓட்டை விரியும். மூன்றாவதாக வருவது பாலியெஸ்டர் துணியில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசியது. பள்ளிக்கூடப் பைகளில் பெரும்பாலும் அதுதான். அது கெட்ட துணி அல்ல, வேறு துணி. கித்தானின் விலை கொடுத்து அதை வாங்க வேண்டாம் என்பதுதான் விஷயம்.

கப்பல் பாயிலிருந்து நாடகப் படுதா வரை

இத்துணியை வளர்த்தது கடல். ஐரோப்பியக் கப்பல்களின் பாய்கள் சணல் வகை நாரிலும் ஆளி நாரிலும் நெய்யப்பட்டன. 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சனின் விக்டரி கப்பலில் பறந்த பாய்களில் ஒன்று, குண்டு துளைத்த ஓட்டைகளோடு இங்கிலாந்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பருத்தி பிறகுதான் அங்கே முன்னுக்கு வந்தது. 1851-இல் ‘அமெரிக்கா’ என்ற பாய்மரப் படகு, இயந்திரத்தில் நெருக்கி நெய்த பருத்திப் பாய்களுடன் இங்கிலாந்து சென்று, ஆளி நார்ப் பாய் கட்டிய ஆங்கிலேயப் படகுகளைப் பந்தயத்தில் தோற்கடித்தது. பருத்திப் பாய் தொய்யாமல் தட்டையாக நின்று காற்றைப் பிடித்தது. நமக்கு அருகில் தூத்துக்குடித் தோணிகளும் என்ஜின் பொருத்தப்படும் வரை பாய் விரித்துத்தான் கொழும்புக்குப் போய் வந்தன.

வெனிஸ் நகரத்தில் உப்புக் காற்றும் ஈரமும் சுவர் ஓவியங்களை உரித்துத் தள்ளின. கப்பல் கட்டும் ஊரில் பாய்த் துணிக்குப் பஞ்சமில்லை. ஓவியர்கள் துணிக்கு மாறினார்கள். அங்கே தோஜே அரண்மனையில் உள்ள தின்தொரெத்தோவின் ‘சொர்க்கம்’ ஓவியம் 22 மீட்டர் அளவுக்கு அகலமானது. பல துண்டுகளை இணைத்துத்தான் அவ்வளவு பெரிய பரப்பு கிடைத்தது. அமெரிக்காவில் ரெனோ என்ற ஊரில் கூடாரமும் வண்டி மூடாப்பும் தைத்துக்கொண்டிருந்த ஜேக்கப் டேவிஸ், லெவி ஸ்ட்ராஸிடம் வாங்கிய டக் துணியில் கால்சட்டை தைத்து, கிழியும் இடங்களில் செப்பு ரிவெட் அடித்தார். இருவருமாக 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜீன்ஸின் பிறப்பில் கித்தானுக்கும் பங்கு உண்டு. அந்த ரிவெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பைப் பிடி தைக்கும்போது உதவும்.

நம் பக்கத்துக் கதை கூடாரத்திலும் மேடையிலும் நடந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படக்கருவி ஒன்றை வாங்கி, ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அந்த வழியில் பெருகிய டூரிங் கொட்டகைகள் கிராமத்துக்குச் சினிமாவைக் கொண்டுவந்தன. மதுரையிலோ நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது இங்குதான். காடு, தர்பார், தெரு என்று எழுதிய படுதாக்களைச் சுருட்டிக்கொண்டு கம்பெனிகள் பயணம் போயின. பின்னாளில் காலண்டர்ப் படங்களால் வீடுதோறும் நுழைந்த கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர்தான். வைக்கம் போனாலும் வாடிப்பட்டி போனாலும் சுருட்டி, அவிழ்த்து, மறுபடி சுருட்டி அடிபடும் அந்த வேலைக்குப் பருத்தித் துணி ஈடுகொடுத்தது. இன்றைய பிளெக்ஸை நாலு முறை மடித்தால் மடிப்பில் அச்சு உதிரத் தொடங்கிவிடும்.

ஈரத்தில் பருக்கும் இழை

கித்தானின் மற்றக் குணங்களை எல்லாம் ஒரே குணத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். பருத்தி இழை நனைந்தால் பருக்கும். இழை பருத்தால் நெசவின் கண் அடைபடும். காற்று குறைந்த நாளில் மாலுமிகள் பாயை நனைத்ததும், பூச்சு ஏதுமில்லாத பருத்திக் கூடாரம் மழையில் ஒழுகாமல் நிற்பதும் இதனால்தான். மழை பெய்யும்போது கூடாரத்தின் உட்புறத்தை விரலால் தொடாதீர்கள் என்று சாரணர் முகாம்களில் சொல்வதற்கும் காரணம் உண்டு: தொட்ட இடத்தில் நீரின் பிடிப்பு உடைந்து, அங்கிருந்து சொட்டத் தொடங்கிவிடும்.

முன்பு லாரி, ஜீப் முகப்புகளில் கித்தான் தண்ணீர்ப்பை தொங்கும். இழை பருத்துக் கண் அடைபட்டபின் நீர் கசிவது மட்டுப்படும். ஆனால் மேற்பரப்பு எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் காற்றில் ஆவியாகும்போது பையிலுள்ள நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று வறண்டிருந்தால் குளிர்ச்சி கூடும். ஆடிக் காற்றில் திருமங்கலம் சாலையில் ஓடும் வண்டிக்கு இதைவிட மலிவான குளிர்பெட்டி கிடையாது. ஐப்பசி அடைமழையில் அதே பை சும்மா நனைந்துகொண்டிருக்கும்.

இந்தக் குணத்துக்கு ஒரு பாதகமும் உண்டு. பருக்கும் இழை சுருங்கவும் செய்யும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் துணி பூசணத்தையும் பிடித்துவைக்கும். இனிவரும் படிகளில் பாதி, இந்த இரண்டையும் சமாளிப்பதற்கானவை.

முதல் படி: வேலைக்கு ஏற்ற எடை

துணியின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள், கடையில் ‘ஜிஎஸ்எம்’. வெளிநாட்டு அளவில் அவுன்ஸ் என்று போட்டிருந்தால் 34-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 10 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 340 கிராம். அமெரிக்க டக் துணிக்கு நம்பரும் உண்டு. அதிலும் நூலைப் போலத் தலைகீழ்க் கணக்குத்தான். 12-ஆம் நம்பர் ஏறத்தாழ 390 கிராம், 10-ஆம் நம்பர் 500 கிராம்.

புத்தகம் தூக்கும் பைக்கும், அச்சடிக்கும் விளம்பரப் பைக்கும் 200 முதல் 270 கிராம் போதும். சமையல் ஏப்ரன், அன்றாடக் கடைப்பை, ஓவியச் சட்டம் எல்லாம் 340-ஐ ஒட்டி அமையும். காய்கறிச் சந்தைப் பைக்கு என் சிபாரிசு 400. சாய்வு நாற்காலி, கருவிப் பை, கூடாரம் ஆகியவற்றுக்கு 500-க்கு மேல். அதற்கும் மேலே போக வீட்டில் தேவை எழாது. கனம் கூடினால் நல்லது என்று 600 கிராம் துணியில் கடைப்பை தைத்தால் வெறும் பையே சுமையாகிவிடும், துவைத்தால் நாள் முழுக்கக் காயாது.

இரண்டாம் படி: கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

கரூர்ப் பக்கத்து விசைத்தறிகளிலிருந்து வரும் துணி மதுரைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். ‘கட் பீஸ்’ கடைகளில் எடைக்கும் கிடைக்கும். ஆனால் வாங்குமுன் ஒரு சிறிய துண்டு கேளுங்கள். நல்ல வியாபாரி முகம் சுளிக்க மாட்டார்.

துண்டைச் சரியாக 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நகை எடை போடும் சிறிய தராசில் வையுங்கள். வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் அதுவே ஜிஎஸ்எம். 4 கிராம் என்றால் 400. பிறகு அதே துண்டை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கி, நன்றாகக் காயவைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 4 கிராம் 3.8 ஆனால் பரவாயில்லை. 3.2 ஆகிவிட்டதென்றால் ஐந்தில் ஒரு பங்கு கஞ்சி. அந்தத் துணியை அங்கேயே விட்டுவிடலாம். இந்த ஒரு சோதனையைச் செய்தால் மற்றவற்றுக்கு அவசியமே அதிகம் இருக்காது.

வீட்டுக்குத் துண்டு கொண்டுபோக நேரமில்லையா? துணியை இரு கையாலும் பிடித்து ஒன்றோடொன்று பலமாகத் தேய்த்துவிட்டு உதறுங்கள். வெள்ளைப் பொடி பறந்தால் கஞ்சி. வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை வெளிச்சங்கள் ஒரே சீராகத் தெரிந்தால் நெசவு ஒழுங்கு, ஓரிடத்தில் வட்டமாகவும் ஓரிடத்தில் கோடாகவும் தெரிந்தால் தறியில் கோளாறு. விளிம்பிலிருந்து இரண்டு இழைகளை உருவி முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரு நூல் இரண்டாகப் பிரிந்தால் முறுக்கு நூல். அந்த இழைகளையே தீயில் காட்டலாம்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மிருதுவான சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகத் திரளும், கலப்பு நூலில் இரண்டும் தெரியும். கடைக்குள் தீக்குச்சி கிழிக்க வேண்டாம் என்று தனியே சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன்.

மூன்றாம் படி: வெட்டுமுன் நனைத்தல்

வெளுக்காத காடாவாக வரும் பருத்திக் கித்தான் முதல் துவைப்பில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை சுருங்கும். பொதுவாகப் பாவுப் பக்கம், அதாவது நீளவாட்டில், அதிகம் சுருங்கும். நனைக்காமல் தைத்த பை முதல் துவைப்பிலேயே கோணிக்கொள்வதற்கு இதுவே காரணம். உள்துணி வேறாக, வெளித்துணி வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முதல் நாள் இரவு வெறும் தண்ணீரில் முழுக ஊறவையுங்கள். கஞ்சி இளகிவிடும். மறுநாள் வெந்நீரில் சலவை சோடா ஒரு கைப்பிடி போட்டு அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுங்கள். பிழிய வேண்டாம், கனத்த துணியில் பிழிந்த மடிப்பு தழும்பாக நின்றுவிடும். கொடியில் அகலமாக விரித்து நீர் சொட்ட விடுங்கள். சற்று ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் இஸ்திரி போட்டால் துணி பலகை போல் படியும். அழுத்தமான நீலமும் கறுப்பும் சாயம் விடக்கூடும். அவற்றைத் தனியே நனையுங்கள்.

ஓவியத்துக்கென வாங்கிய துணிக்கு வேறு வழி. அதைத் துவைத்து இஸ்திரி போட்டுச் சட்டத்தில் இழுத்து அடித்தபின், அக்ரிலிக் ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எண்ணெய் வண்ணம் நேரடியாக இழையில் பட்டால் ஆளிவிதை எண்ணெய் காலப்போக்கில் துணியை மக்கச் செய்யும். பூச்சு அதைத் தடுக்கத்தான், அழகுக்காக மட்டுமல்ல.

நான்காம் படி: ஊசி, நூல், மிஷின்

வீட்டில் காலால் மிதிக்கும் பழைய மிஷின் இருந்தால் அதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 340 கிராம் துணியில் நான்கு மடிப்பு வரை அது பொறுமையாகத் தைக்கும். மின் மோட்டார் போட்ட இலேசான புது மிஷின்கள் பல அந்த இடத்தில் திணறும். ஊசி 16-ஆம் நம்பர். 400 கிராமுக்கு மேல் 18. தையலை நீளமாக வையுங்கள்: ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல். நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கித்தானில் அது தபால்தலை ஓரம் போல ஓட்டை வரிசையாகி, சுமை ஏறியதும் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

நூல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். சட்டைக்குத் தைக்கும் நூல் இங்கே ஆகாது. பைக்குத் தடித்த பாலியெஸ்டர் நூல் சிறந்தது. நனையும் கூடாரத்துக்குப் பருத்தி உறை போட்ட பாலியெஸ்டர் நூல் இன்னும் நல்லது. பருத்தி ஊசி ஓட்டையில் பருத்து அடைக்கும், உள்ளிருக்கும் பாலியெஸ்டர் பலம் தரும். தடித்த சந்திப்பில் ஊசி நின்றுவிட்டால் மிதியை அழுத்தாதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள். அந்தச் சந்திப்பை முன்கூட்டியே சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் தடிமன் குறையும். மெழுகுவர்த்தியைத் தையல் கோட்டில் ஒரு முறை தேய்த்தால் ஊசி சூடேறாமல் போகும்.

500 கிராமைத் தாண்டினால் வேறு ஆள் பார்க்க வேண்டும். புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே உட்கார்ந்து தைத்துவந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்கள் சட்டையிலும் பாவாடையிலும் கெட்டிக்காரர்கள். கித்தானைக் கொடுத்து அவர்களுடைய மிஷினைச் சோதிக்க வேண்டாம். ஆட்டோ ஹூட், சீட் கவர் தைக்கும் கடைக்குப் போங்கள். அங்கே கனத்த மிஷின், வளையம் அடிக்கும் அச்சு, ரிவெட் எல்லாம் இருக்கும். அளவு குறித்து, துணியை நனைத்து, நீங்களே வெட்டிக்கொண்டு போனால் பாதி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

ஐந்தாம் படி: சந்தைப் பை

40 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம், 12 ஆழம். ஒரு வாரக் காய்கறி தாராளமாகக் கொள்ளும். அடிப்பகுதியில் வெட்டு வராமல் ஒரே துண்டாக எடுப்பது முக்கியம், ஏனென்றால் அடித் தையல்தான் முதலில் பிரியும்.

வெட்டு அளவு 55-க்கு 100. அகலக் கணக்கு: 40, ஆழம் 12, இரு பக்கத் தையலுக்கு ஒன்றரை ஒன்றரையாக 3. நீளக் கணக்கு: இரு பக்க உயரம் 80, அடி 12, மேல் மடிப்புக்கு நான்கு நான்காக 8. கரை ஓரம் ஓடும் திசை நீளவாட்டில் வரட்டும். பாவு இழைதான் சுமை தாங்கும். சுருக்கத்துக்காகக் கடையில் 1 மீட்டர் 15 சென்டிமீட்டர் வாங்குங்கள்.

பிடிக்கு 3 மீட்டர் பருத்தி நாடா, இரண்டரை சென்டிமீட்டர் அகலம். இரண்டு துண்டாக வெட்டி வாயோரத்தில் தைப்பது சுலபம். கடையில் விற்கும் பைகள் எல்லாம் அப்படித்தான் வருகின்றன, அங்கேதான் கிழிகின்றன. இங்கே ஒரே நாடாவைப் பையைச் சுற்றி ஓட்டுகிறோம். துணியைத் தட்டையாக விரித்து, இரு ஓரத்திலிருந்தும் 17.5 சென்டிமீட்டர் தள்ளி நீளவாட்டில் இரண்டு கோடு போடுங்கள். நாடா ஒரு கோட்டில் ஏறி, மேலே 55 சென்டிமீட்டர் வளையமாக வெளியே நின்று, மறு கோட்டில் இறங்கி, அடியைக் கடந்து, மறுபக்கத்தில் ஏறி, இன்னொரு வளையம் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். முனைகள் அடிப்பகுதியில் 6 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். இப்போது சுமையைத் தாங்குவது நாடா. துணி அதைச் சுற்றி நிற்கிறது, அவ்வளவுதான்.

நாடாவின் இரு விளிம்பிலும் தைத்துக்கொண்டு வாருங்கள். மேல் விளிம்புக்கு 8 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். பிறகு துணியை உட்புறம் வெளியே தெரிய இரண்டாக மடித்துப் பக்கத் தையல் போடுங்கள். பிசிரடிக்காமல் இருக்க, ஓரத்தை உள்ளே மடித்து இரண்டாவது வரியும் தைத்துவிடுங்கள். அடி மூலைகளை முக்கோணமாகப் பிடித்து, நுனியிலிருந்து 6 சென்டிமீட்டரில் குறுக்கே தைத்தால் 12 சென்டிமீட்டர் ஆழம் தானாக வரும். மேல் ஓரத்தை முதலில் 1, பிறகு 3 என்று மடித்து ஒரு சுற்றுத் தையல். கடைசியாக, நிறுத்தி வைத்த நாடாவை மடிப்பின்மேல் சேர்த்து, சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாக நான்கு இடங்களிலும் தையுங்கள். டேவிஸின் ரிவெட் செய்த வேலையை இந்தச் சதுரம் செய்யும். ரிவெட்டே வேண்டுமென்றால் சீட் கவர் கடையில் நான்கு அடித்துத் தருவார்கள்.

சாய்வு நாற்காலித் துணி

தாத்தா உட்கார்ந்த தேக்கு நாற்காலி பரணில் கிடந்தால் இறக்குங்கள். பழைய துணியை அளவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது தொய்ந்து நீண்டிருக்கும். அதன் நீளத்தை அப்படியே எடுக்காமல், இரு கட்டைகளுக்கிடையே கயிறு பிடித்து, உட்காரும்போது எவ்வளவு தொங்க வேண்டும் என்று பார்த்து அளவெடுங்கள். 500 கிராமுக்குக் குறையாத துணி, நடுவில் ஒட்டில்லாமல், கரை ஓரம் நீளவாட்டில். இரு முனையிலும் கட்டை நுழையும் உறையை மூன்று வரி தையுங்கள். உட்கார்ந்த முதல் சில வாரங்களில் துணி சற்று இளகும், ஆகவே கொஞ்சம் இறுக்கமாகவே தொடங்கலாம். தலைபடும் இடத்தில் எண்ணெய்க் கறை பிடிக்கும் என்பதால் அங்கே கழற்றித் துவைக்கும் சிறிய உறை ஒன்று போடுவது மதுரை வெயிலுக்கும் நல்லெண்ணெய்க் குளியலுக்கும் ஏற்றது.

ஆறாம் படி: தண்ணீர் ஒட்டாமல் செய்தல்

இரண்டு வழிகளைச் சொல்கிறேன். முதலாவது மெழுகு. பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பூசி, வெயிலிலோ சூடான காற்றிலோ காட்டினால் மெழுகு இழைக்குள் இறங்கும். கருவிப் பைக்கும் இருசக்கர வாகனப் பைக்கும் இது அருமையான பூச்சு. ஆனால் பாரஃபினும் தேன்மெழுகும் 50-லிருந்து 65 டிகிரிக்குள் உருகுபவை. சித்திரை, வைகாசியில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் மெழுகு இளகி இருக்கையில் ஒட்டும். மெழுகிட்ட துணியை மிஷினில் துவைக்கவும் முடியாது. குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து எல்லாவற்றுக்கும் மெழுகு பூசுவது இந்த ஊருக்கு ஒத்துவராது.

நம் வெயிலுக்கு நான் பரிந்துரைப்பது படிகாரம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் சோப்பைச் சீவிக் கரைத்து, அதில் துணியை ஊறவைத்து, அலசாமல் காயவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் படிகாரம் கரைத்து, அதில் சில மணி நேரம் ஊறவைத்து மீண்டும் காயவிடுங்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு படிவு இழைமேல் உண்டாகும். மழைத்துளி முத்தாக உருளும். காற்றும் உள்ளே போய்வரும். கொட்டும் மழையை முழுக்கத் தடுக்காது, சில துவைப்புகளுக்குப் பிறகு மறுபடி செய்ய வேண்டும். கவனிக்க வேண்டியது இரண்டு: டிடர்ஜென்ட் கட்டி வேலைக்கு ஆகாது, கொழுப்பில் செய்த உண்மையான சோப்பு வேண்டும். போர்வெல்லின் உப்புத் தண்ணீரும் ஆகாது, அதில் சோப்பு திரிந்து அழுக்காகப் படியும். மழைநீரோ வைகைக் குழாய்த் தண்ணீரோ எடுங்கள்.

உணவுப் பொருள் நேரடியாகப் படும் பைக்கு எந்தப் பூச்சும் வேண்டாம்.

ஏழாம் படி: துவைத்தல், வைத்தல், ஒட்டுப்போடுதல்

புழுதியை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். நனைத்தால் அது சேறாகி இழைக்குள் இறங்கும். பச்சைத் தண்ணீர், சிறிது சோப்பு, நிழல் உலர்த்தல் போதும். வெள்ளைத் துணிக்கென்று பிளீச் ஊற்றினால் இழை பலவீனப்படும். கூடாரம், படுதா போன்றவற்றைப் பயன்படுத்தத் தொடங்குமுன் இரண்டு மூன்று முறை நனைத்து முழுக்கக் காயவிட்டால் ஊசி ஓட்டைகள் அடைபடும்.

ஐப்பசி கார்த்திகையில்தான் எச்சரிக்கை தேவை. அரை ஈரத்தோடு மடித்து வைத்த கித்தானில் சில நாட்களிலேயே கறும்புள்ளி விழும். புள்ளி விழுந்தால் வினிகர் கலந்த நீரால் துடைத்து வெயிலில் போடலாம். பூசணம் சாகும், கறை பெரும்பாலும் போகாது. புதுத் துணியைக் கஞ்சியோடு பீரோவில் வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும். ஆகவே உடனே தைக்காவிட்டாலும் துவைத்தே வையுங்கள்.

கிழிசலுக்கு ஒட்டுப்போடும் துண்டும் துவைத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டு சுருங்கிச் சுற்றியுள்ள துணியை இழுக்கும். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 4 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, ஓரம் மடித்து இரண்டு வரி தையுங்கள். பழைய லாரிப் படுதா மலிவாகக் கிடைத்தால் மடிப்புக்கோடுகளைத் தவிர்த்து நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். விரலால் குத்தி இழுத்தால் ‘டப்’பென்று விட்டுக்கொடுக்கும் துணி வெயிலில் செத்தது. செத்துப்போகாத பகுதியில் தோட்டத்துக்கும் மொட்டைமாடிக்கும் விரிப்பு நன்றாக வரும். எண்ணெயும் இரசாயனமும் ஏறிய அதில் காய்கறிப் பை மட்டும் தைக்க வேண்டாம்.